வில்லும் எண்ணெயும்

மோட்டார் சைக்கிள் வாங்குவோர் முதலிற் கேட்பது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது. பழைய வண்டியாயின் எத்தனை கை மாறியது என்பது அடுத்த கேள்வி. நிறத்தையும் இலக்கத் தகட்டையும் பற்றி அரைமணி நேரம் விசாரிப்பவரும் உளர். ஆனால், பின்னாசனத்தில் மனைவியையோ தாயையோ இருத்திக்கொண்டு கிடங்கு விழுந்த ஒழுங்கையாற் செல்லும்போது இவ்வண்டி எப்படி நடந்து கொள்ளும் என்று கேட்டவரை நாம் இதுவரை கண்டதில்லை. வாங்கி ஆறு மாதங் கழிந்த பின்னரே அந்தக் கேள்வி பிறக்கிறது. அப்பொழுதும் அதைக் கேட்பவர் வண்டி ஓட்டுபவரல்லர், பின்னால் இருப்பவரே.

இவ்வாரம் அந்தக் கேள்விக்கே இப்பகுதியை ஒதுக்குகிறோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு உதவக்கூடிய ஒன்றிரண்டு கணக்குகளும் இதில் வரும். கணக்கை வெறுப்பவர் அவற்றைத் தாண்டிச் செல்லலாம். நாம் வருந்த மாட்டோம்.

வடக்கிற் பெருந்தெருக்கள் பல போருக்குப் பின்னர் ‘காபெற்’ வீதிகளாயின. ஆனால் அவ்வீதியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாக்கியங் கிடைக்கவில்லை. மாரி மழை ஓய்ந்ததும் கல்லுங் கிடங்குமாய் அவை எழுந்து நிற்கின்றன. காபெற் வீதியில் அறுபது கிலோமீற்றர் வேகத்துக்குப் பழகிய கை, ஒழுங்கைக்குள் நுழைந்த பின்னும் அவ்வேகத்தை எளிதில் விடுவதில்லை. வண்டிகளோ பழையவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும், மாதச் சம்பளத்தில் வாழும் வீடுகளுக்குப் புதிய வண்டி எளிதில் எட்டும் பொருளாயில்லை. ஆகவே, பத்துப் பன்னிரண்டு வயதான நூறு சீ.சீ. வண்டியைத் திருத்திக் குலுக்கமின்றி ஓடச் செய்ய முடியுமா என்பது வீட்டுச் செலவுக் கணக்கைச் சேர்ந்த கேள்வியுமாகும்.

முடியும் என்பதே எமது விடை. ஆனால் அதற்கு வழி, நம் இளைஞர் நினைப்பது போலக் கடைக்குச் சென்று பளபளக்கும் புதிய ‘சொக்’ ஒரு சோடி வாங்கிப் பூட்டுவதன்று. குறைந்தபட்சம் முதல் வழி அதுவன்று.

குலுங்காமற் செல்வது சொகுசு, வேகமாகவும் திடமாகவுஞ் செல்வது வேறொன்று என்ற எண்ணம் நம்மவரிடம் ஊறிக் கிடக்கிறது. மோட்டார் சைக்கிளின் வரலாறு இதை மறுக்கிறது. ஆதியில் வந்த வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பின்சில்லில் வில்லே கிடையாது. ஓட்டுபவர் இருக்கும் சேணத்தின் அடியில் இரண்டு சுருள்வில்கள் இருந்தன. பழைய றலி சைக்கிளின் தோற்சேணத்தைக் கண்டவர்க்கு அது புரியும். அதனால் மனிதன் ஓரளவு காப்பாற்றப்பட்டான், சில்லு காப்பாற்றப்படவில்லை. மேட்டில் ஏறிய சில்லு வண்டியையே தூக்கிக்கொண்டு எழுந்தது. சிறிது நேரம் நிலத்தை மறந்தது. நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் தமது ஆர் 12 வண்டியில், குழாயினுட் குழாய் நுழைந்து இயங்கும் முன் ஃபோர்க்கை எண்ணெய்த் தணிப்புடன் பூட்டி விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்று நம் தெருக்களில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் முன்பாகம் அதன் வழித்தோன்றலே. பின்பாகம் சிறிது காலந் தாழ்த்தே திருந்தியது. நோட்டன் நிறுவனத்துக்காக றெக்ஸ் மக்கான்ட்லெஸ் என்பவர் அமைத்த சட்டகத்தில், பின்சில்லு மேலுங் கீழும் ஆடக்கூடிய ஒரு கரத்திற் பூட்டப்பட்டு, இருபுறமும் வில்லும் எண்ணெயுங் கொண்ட சொக்குகளால் தாங்கப்பட்டது. அதை ஓட்டிப் பார்த்த ஹரல்ட் டானியல் என்ற பந்தய வீரர், இறகு மெத்தையில் இருப்பது போலுள்ளது என்ற கருத்திற் பேச, அதுவே அச்சட்டகத்தின் பெயராய் நிலைத்துவிட்டது. அந்த இறகு மெத்தை என்ன செய்தது? 1950இல் மான் தீவிலே நடைபெற்ற சீனியர் ரீ.ரீ. பந்தயத்தில் ஜெஃப் டியூக் அதிலேறி வெற்றி பெற்றார். எஞ்சின் புதிதன்று, அது பழைய எஞ்சினே. மெத்தென்று சென்ற வண்டியே விரைந்தும் சென்றது. ஏனெனில் அதன் சில்லுகள் நிலத்தை விடவில்லை. 1955 முதற் சென்னைத் திருவொற்றியூரில் உருவான றோயல் என்ஃபீல்ட் புல்லட்டின் பின்பாகமும் இத்தகைய ஆடுகரமும் இரட்டைச் சொக்கும் உடையதே.

இனி அமைப்பின் உள்ளே புகுவோம். வில்லின் வேலை வேறு, எண்ணெயின் வேலை வேறு. இதை மயக்கிக் கொள்வதாலேயே கராஜிற் பாதிப் பணம் வீணாகிறது. வில் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது; மேடு வந்தாற் சுருங்கிச் சக்தியைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஆனால் வில் ஒரு நல்ல கடனாளி; வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போதுதான் பின்னாலிருப்பவர் ஆசனத்தை விட்டு எழுகிறார். ஆய்வுகூடத்தில் ஒரு சுருள்வில்லிற் படியைத் தொங்கவிட்டு இழுத்து விட்டால் அது நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். அதே படியை ஒரு குவளை எண்ணெயினுள் அமிழ்ந்திருக்கச் செய்து இழுத்து விடுங்கள். ஓரிரு முறை அசைந்து அடங்கிவிடும். அசைவின் சக்தி எண்ணெயில் வெப்பமாகி ஒழிகிறது. சொக்கினுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படுவது இதற்காகவே. இதைத்தான் தணிப்பு என்கிறோம்.

இப்போது கணக்கு. வில்லொன்று பாரத்தால் எத்தனை சென்ரிமீற்றர் அமுங்குகிறது என்று அறிந்தால், அது செக்கனுக்கு எத்தனை முறை ஆடும் என்பதை மனக்கணக்காகவே சொல்லலாம். ஐந்தை அந்த அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. (π எங்கே போயிற்று, g எங்கே போயிற்று என்று மாணவர் தேடிக் கண்டு கொள்க.) நாலு சென்ரிமீற்றர் அமுங்கும் வில் செக்கனுக்கு இரண்டரை முறை ஆடும். ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே அமுங்கும் கடிய வில் ஐந்து முறை ஆடும். இதில் என்ன விசேடமெனில், மேலுங் கீழுமான அதிர்வில் செக்கனுக்கு நாலு முதல் எட்டு வரையான மீடிறனையே இருந்த நிலையிலுள்ள மனித உடல் மிகுதியாக உணர்கிறது. முள்ளந்தண்டும் வயிற்றினுள் உறுப்புகளும் அந்தத் தாளத்துக்கே ஆடத் தொடங்குகின்றன. கடிய வில்லைப் பூட்டுபவர் அறியாமலே அந்தத் தாளத்தைத் தெரிந்தெடுத்து வீட்டுக்காரியின் முதுகுக்குக் கொடுக்கிறார்.

எனவே, வில் மெதுவாயிருந்தாற் போதுமா? போதாது. மிக மெதுவான வில் சிறு மேட்டிலேயே அடிமட்டம் வரை அமுங்கி, இரும்போடு இரும்பு மோதும். அந்த மோதலைக் காட்டிலும் கடிய வில் நல்லது. பாரத்துக்கேற்ற வில் வேண்டும் என்பதே விடயம். அந்தப் பாரம் யாருடைய பாரம் என்பதே கேள்வி. நூறு கிலோகிராம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட வண்டியில் அறுபது கிலோகிராம் மனிதர் தனியே போகிறார். மாலையில் இன்னோர் ஐம்பத்தைந்து கிலோகிராம் ஏறுகிறது. அதுவும் பெரும்பாலும் பின்சில்லின் மேலேயே ஏறுகிறது. காரிலே ஒருவர் கூடினால் வண்டி அதை அதிகம் அறியாது. மோட்டார் சைக்கிளுக்கு அது முற்றிலும் வேறொரு சுமை. (முன்னே பெற்றோல் தாங்கியின் மேற் குழந்தையையும் இருத்திச் செல்லும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை, அது வேறொரு வாரத்துக்குரிய விடயம்.)

இதற்காகவே பெரும்பாலான வண்டிகளின் பின் சொக்கில் வில்லின் அடியிலே படிபடியாய் வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்புதற்கென ஒரு கொக்கிச் சாவியும் வண்டியோடு வரும். பழைய வண்டி வாங்குவோருக்கு அந்தச் சாவி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது எதற்கென்று பலர் அறியார். வளையத்தை மேற்படிக்குத் திருப்பினால் வில் கடிதாகிறது என்று கராஜிலேயே சொல்வார்கள். அது தவறு. இருபது கிலோகிராமுக்கு ஒரு சென்ரிமீற்றர் அமுங்கும் வில்லை, எந்தப் படியில் வைத்தாலும் மேலதிகமான ஒவ்வோர் இருபது கிலோகிராமுக்கும் அது ஒரு சென்ரிமீற்றரே அமுங்கும். ஊக்கின் விதியை வளையம் மாற்றாது. வளையம் செய்வது யாதெனில், பாரம் ஏறுமுன்பே வில்லைச் சிறிது நெருக்கி வைப்பது. எண்பது கிலோகிராம் ஏறினால் நாலு சென்ரிமீற்றர் தாழ வேண்டிய வண்டி, இரண்டு சென்ரிமீற்றர் முன்னழுத்தம் கொடுத்ததும் இரண்டு சென்ரிமீற்றரே தாழும். வண்டி உயர்ந்து நிற்கும், அவ்வளவே.

உயர்ந்து நின்றால் என்ன குறை என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் கவனியாத நுட்பம் இருக்கிறது. வில்லமைப்பு மேடுகளுக்காக மட்டும் ஏற்பட்டதன்று, கிடங்குகளுக்காகவும் ஏற்பட்டது. மேடு வந்தாற் சில்லு மேலே எழ இடம் வேண்டும். கிடங்கு வந்தாற் சில்லு கீழே இறங்க இடம் வேண்டும். ஆட்கள் ஏறி அமர்ந்ததும் வண்டி தாழும் அந்தத் தாழ்வுதான் சில்லு கிடங்கினுள் இறங்குதற்குக் கிடைக்கும் இடம். தாழ்வே இல்லாத வண்டியின் சில்லு கிடங்கின் மேலே அந்தரத்திற் போய், மறுகரையில் மோதும். ஆகவே, மொத்த அசைவெல்லையில் நாலிலொரு பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை தாழ்வுக்கு விடுவது நல்ல முறை. மீதி மேடுகளுக்கு.

இதை அளக்க ஓர் அளவுநாடாவும் மூன்று பேரும் போதும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சில்லை அந்தரமாக்குக. அச்சாணியிலிருந்து நேர்மேலே சட்டகத்தில் ஓர் அடையாளமிட்டு இடைத்தூரத்தை அளக்க. பின்னர் வண்டியை நிலத்தில் இறக்கி, வழக்கமாகச் செல்லும் இருவரும் வழக்கமான உடையுடனும் பையுடனும் ஏறி அமர, மூன்றாமவர் அதே இடைத்தூரத்தை அளக்க. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வித்தியாசமே தாழ்வு. ஓட்டுபவர் மட்டும் அமர்ந்தபோதும் ஒருமுறை அளந்து கொள்க. சொக்கின் முழு அசைவெல்லை வண்டியின் கைந்நூலில் இருக்கும்.

சென்ற வருடம் எம்மிடம் முன்னர் படித்த ஒருவர் இது விடயமாக வீட்டுக்கு வந்தார். தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு அவரும் மனைவியும் ஒரே வண்டியில் நாளாந்தம் வேலைக்குச் செல்பவர்கள். ஒரு வழி ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். சேலையுடுத்து ஒருபக்கமாக அமர்ந்து செல்வதால் அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. பஸ்ஸில் வருவதானால் அதிகாலை நாலரைக்கு எழுந்து சமைக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. வேலையை விட்டுவிடுவதா என்றுகூட இருவரும் பேசியிருக்கிறார்கள். வந்தவர் எம்மைக் கேட்டது அதுவன்று. “சேர், காஸ் சொக் ஒரு சோடி போடலாமென்றிருக்கிறேன், எந்தக் கம்பனி நல்லது?” என்பதே அவர் கேள்வி.

அளந்து பார்த்தோம். பின்சில்லின் அசைவெல்லை 80 மில்லிமீற்றர். இருவரும் அமர்ந்தபோது வண்டி 14 மில்லிமீற்றரே தாழ்ந்தது. அவர் தனியே அமர்ந்தபோது 5. ஏனெனில், முன்பொரு நாள் பின்பாகம் துள்ளுகிறது என்று ஒரு கராஜிற் காட்டியபோது, அங்கே தடித்த கம்பியில் முறுக்கிய வில்லை மாற்றிப் பூட்டி, வளையத்தையும் உச்சப் படியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். துள்ளியது வில்லின் குற்றமன்று. ஒரு பக்கச் சொக்கின் சீல் தேய்ந்து எண்ணெய் முழுவதும் வெளியேறியிருந்தது. மறுபக்கத்திலும் தணிப்பு இல்லை. எண்ணெயில்லாத நோய்க்கு வில்லை மாற்றி மருந்து செய்தார்கள்.

கம்பியின் தடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுருள்வில்லின் கடினம் கம்பியின் விட்டத்தின் நாலாம் வலுவுக்கு விகிதசமமானது. 7 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 7.7 மில்லிமீற்றர்க் கம்பியைப் போட்டால், கண்ணுக்கு ஒன்றுந் தெரியாது. ஆனால் வில் நூற்றுக்கு 46 பங்கு கடிதாகிவிடும். வில்லின் சுற்றுகளில் ஒன்றை வெட்டி வண்டியைத் தாழ்த்தும் வழக்கம் நம் இளைஞரிடையே உண்டு. பத்துச் சுற்றில் ஒன்றை வெட்டினால் வில் மெதுவாவதில்லை. நூற்றுக்குப் பதினொரு பங்கு கடிதாகிறது. அசைவெல்லையும் குறைகிறது. இரட்டை நட்டம்.

அந்தத் தம்பதிக்கு நாம் சொன்னது எளிது: வண்டியைச் செய்தவர்கள் அந்த மாதிரிக்கென்றே விற்கும் சாதாரணச் சொக் ஒரு சோடி. காஸ் சொக்கிலும் அது விலை குறைவு. பூட்டிய பின் வளையத்தை மூன்றாம் படியில் வைத்தபோது இருவருடனும் 27 மில்லிமீற்றர் தாழ்ந்தது. அவர் தனியே செல்லும் நாளில் முதற்படிக்கு இறக்கினால் 17. கொக்கிச் சாவியை அந்தப் பெண்ணே பொறுப்பேற்று, எந்தப் படி எந்த நாளுக்கென்று ஒரு துண்டில் எழுதி ஆசனத்தின் அடியில் ஒட்டிவிட்டார். அவர் இன்னும் வேலைக்குப் போய் வருகிறார். வலி முற்றாக நீங்கியதென்று சொல்வதற்கில்லை. நாரியை நாடி பார்க்க வேண்டியவர் வைத்தியரே. ஆனால் பஸ்ஸைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

பின்பாகத்தைத் திருத்தியவர் முன்பாகத்தை மறந்துவிடக் கூடாது. உண்மையில், உயிருக்கு உறுதி முன் ஃபோர்க்கிலேதான் இருக்கிறது. பிரேக்கைப் பிடித்ததும் பாரமெல்லாம் முன்னே சரிகிறது. பின்னாலிருப்பவரின் பாரமும் அதனுடன் சேர்ந்து சரியும். அந்நேரம் ஃபோர்க் அடிமட்டம் வரை அமுங்கிப் போனால், அதன்பின் வருகின்ற சிறு கல்லுக்குங்கூட அசைந்து கொடுக்க இடமின்றி, சில்லு துள்ளிச் சறுக்கும். பலர் விழுவதைத் தெருவின் மேலும் மணலின் மேலும் சுமத்துகிறார்கள்.

ஃபோர்க்கினுள் எண்ணெய் இருக்கிறது என்பதையே அறியாமற் பத்தாண்டு ஓட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம். எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுவார்கள், இதை மாற்றுவதில்லை. அந்த எண்ணெய் ஒவ்வொரு கிடங்கிலும் நசுங்கிச் சூடேறித் தேய்ந்த இரும்புத் தூளையும் சுமந்து, ஈற்றிற் கறுத்த நீராகிவிடும். நாம் சொன்ன அவ்வண்டியின் ஒரு காலிலிருந்து வடிந்தது, கைந்நூலிற் சொன்ன அளவிற் பாதியே. வடித்து, கழுவி, குறித்த அளவை மில்லிலீற்றர்க் கணக்கில் இரு கால்களுக்குஞ் சமமாக ஊற்ற வேண்டும். இதற்கு அளவுசாடி வேண்டும். தேநீர்க் குவளை உதவாது. மேல்மூடியைக் கழற்றும்போது உள்ளேயுள்ள வில் அதை உந்தித் தள்ளும் என்பதையும், வண்டியின் முன்பாகத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிய பின்னரே அதிற் கைவைக்க வேண்டும் என்பதையும் அறிந்தவரே இதைச் செய்ய வேண்டும்.

எண்ணெயின் தடிப்பு எண்ணாற் குறிக்கப்படும். கைந்நூல் 10 என்று சொன்ன வண்டியில், இருவராய்ச் செல்பவர் 15க்கு மாறினால் முன்பாகம் குதிப்பது குறையும். அதற்கு மேற் செல்வது நன்றன்று. சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் நிலையான துளைகளின் வழியே செல்கிறது. வேகம் இரட்டித்தால் தடை ஏறக்குறைய நாலு மடங்காகும். மெல்லிய எண்ணெயில் மெதுவான அசைவு கட்டுக்கடங்காது; தடித்த எண்ணெயில் கூரிய கல்லின் அடி நேரே மணிக்கட்டுக்கு வரும். இந்த இடர்ப்பாட்டை நீக்கவே, அடி பலமானால் தானே திறந்து வழிவிடும் வால்வு கொண்ட ஃபோர்க்குகள் விலைகூடிய வண்டிகளில் வருகின்றன. நமக்கு எண்ணெயே போதும்.

எண்ணெயின் மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு வில்லே. போயிலின் விதியைப் படித்தவர் பார்க்கலாம்: 15 சென்ரிமீற்றர்க் காற்றுத்தூண், ஃபோர்க் 10 சென்ரிமீற்றர் அமுங்கும்போது 5 ஆகிறது, அமுக்கம் மூன்று மடங்கு. சிறிது கூடுதலாய் எண்ணெய் ஊற்றித் தூணை 14 ஆக்கினால், அதே அசைவில் அது 4 ஆகி அமுக்கம் மூன்றரை மடங்காகும். அடிமட்டம் மோதுவதைத் தடுக்க இது மலிவான உபாயந்தான். ஆனால் ஆசை மிகுந்து ஊற்றினால் சீல் வெடித்து எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் இறங்கினால் என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே பார்க்க வேண்டியவை இரண்டுண்டு. செலவு சொற்பமாதலால் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒன்று ரயரின் காற்று. நிலத்துக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள முதலாவது வில் அதுவே. பின்ரயருக்குத் தனியே செல்லும்போது ஓர் அளவும் இருவராய்ச் செல்லும்போது வேறோர் அளவும் கைந்நூலில் இருக்கின்றன. காற்றடிக்கும் இடத்தில் “நாற்பது போடு தம்பி” என்று முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவாய்ப் போடுவித்து, பின்னர் வண்டி குத்துகிறது என்று சொக்கைப் பழிப்பது நியாயமன்று. மற்றது ஆடுகரத்தின் புஷ். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டக்’ என்ற ஒலியும் தளர்வும் இருந்தால், எத்தனை விலையான சொக்கைப் பூட்டினாலும் வண்டி திருப்பத்தில் வாலாட்டும்.

தணிப்பு மிஞ்சியிருக்கிறதா என்பதை வீட்டு முற்றத்திலேயே அறியலாம். ஆசனத்தின் பின்புறத்தைப் பலமாய் அமுக்கிக் கையை எடுங்கள். எழுந்து ஒருமுறை சிறிது தாழ்ந்து நிற்பது நலம். இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. வன்னிப் பக்கத்துக் கிரவல் வீதிகளிற் செல்பவருக்கு இது மிக முக்கியம். அங்கே வாகனங்கள் ஓடியோடிப் பலகை அடுக்கியது போன்ற சிற்றலைகள் உண்டாகிவிடுகின்றன. அலைக்கலை ஒரு மீற்றர் இருக்குமாயின், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செக்கனுக்குப் பத்து அடி. சில்லு தானே துள்ளும் மீடிறனும் அதற்கு அண்மையிலேயே இருப்பதால், தணிப்பில்லாத சில்லு ஒவ்வோர் அலையின் உச்சியையும் மட்டுமே தொட்டுக்கொண்டு பறக்கும். பிரேக்கைத் தொட்டதும் வழுக்குவது இதனாலேயே.

காஸ் சொக் என்பது ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. நெடுந்தூரம் கரடுமுரடாய் ஓடும்போது எண்ணெயினுட் காற்றுக் கலந்து நுரைத்துவிடும், நுரைக்குத் தடையில்லை. நைதரசன் வாயுவை அமுக்கி அடைத்து வைத்தால் நுரைப்பது குறைகிறது. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கும், சுமையேற்றிச் செல்பவருக்கும் அது பயன்படும். ஆனால் கடைகளில் விற்கும் மலிவான சிலவற்றிற் பக்கத்தே தொங்கும் குப்பி வெறும் அலங்காரமே; உள்ளே ஒன்றுமில்லை. வாங்குவதாயின், இரு கண்களுக்கும் இடைப்பட்ட நீளம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். நீளங் கூடினால் வால் எழும்பி முன்சில்லின் சாய்வு மாறும், ஹாண்டில் பதற்றமாகும். குறைந்தால் மேட்டில் ரயர் மட்காட்டில் உரசும். அடுத்து, வில் எத்தனை கிலோகிராம் வண்டிக்கென்று செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். கடைக்காரரால் அதற்கு விடை சொல்ல முடியாவிட்டால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

வேலை முடிந்ததும் கராஜ்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்து “நல்லாயிருக்கு” என்பார். அவர் தனியே, முன்னாசனத்தில், கராஜுக்கு எதிரேயுள்ள நல்ல தெருவில் ஓட்டிப் பார்த்தவர். முன்னாசனம் இரு சில்லுகளுக்கும் இடையில் இருப்பது. பின்னாசனம் ஏறக்குறையப் பின்சில்லின் நேர்மேலே இருப்பது. இரண்டிலும் கிடைக்கும் அடி ஒன்றன்று. எனவே, வண்டிக்குரியவர் தம் நண்பரை ஓட்டச் சொல்லித் தாமே பின்னால் ஏறி, தம் வீட்டு ஒழுங்கையிலேயே ஒருமுறை போய்வர வேண்டும். முதலில் மணிக்கு இருபது கிலோமீற்றர், பின்னர் முப்பது. எழும்பும்போது எறிகிறதெனில் தணிப்புப் போதாது. விழும்போது அடிக்கிறதெனில் முன்னழுத்தமோ வில்லோ போதாது. எதுவுமின்றி இடைவிடாது நடுங்குகிறதெனில் ரயர்க் காற்றையும் வளையத்தின் படியையும் மீண்டும் பார்க்க.

புதிய வில் முதற் சில நூறு கிலோமீற்றரிற் சிறிது படிவது இயல்பு. ஒரு மாதங் கழித்து, அதே இருவரும் ஏறி அமர, அதே அடையாளத்திலிருந்து மீண்டும் அளந்து, தாழ்வு கூடியிருப்பின் வளையத்தை ஒரு படி உயர்த்திக் கொள்ளலாம்.